எழுதிப் பிழைத்தோர் கூடிய கழகம்

வணிகம் வளர்ந்த நாடுகள் அனைத்திலும் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பார் இருந்து வந்துள்ளனர். இவர்கள் காவியம் புனைந்தவர் அல்லர். பிறர் சொல்ல வேண்டியதைப் பிறர் பொருட்டுக் கூலி பெற்று எழுதிக் கொடுத்தவர்கள். கடன் பத்திரம், விற்பனைச் சீட்டு, உயில், பங்காளிகளுக்கிடையே உடன்படிக்கை, தொலைவில் உள்ள வணிகனுக்கு அனுப்பும் கடிதம் ஆகிய இவையே இவர்தம் படைப்புகள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஐந்தடிப் பாதைகளில் சிறு மேசை போட்டு, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்க்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தோரைக் கண்ட தலைமுறையினர்க்கு இவ்வகுப்பாரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை.

இத்தொழிலில் ஈடுபட்டோர் எவரிடமும் மாதச் சம்பளம் பெறாதவர்கள், தனித்து நின்றவர்கள். தனித்து நிற்பவனுக்கு மூன்று தொல்லைகள் உண்டு. தன் உழைப்புக்கு எவ்வளவு கூலி கேட்பது என்பதை அவன் தானே முடிவு செய்ய வேண்டும். தன் திறமைக்குச் சான்று கூற அவனுக்கு ஆள் இல்லை. அண்டையில் உள்ள அரைகுறை எழுத்தன் ஒருவன் செய்யும் மோசடியின் பழி அவன் தலையிலும் விழும். இத்தொல்லைகளைத் தீர்த்துக் கொள்ள எழுத்தர்கள் ஒன்றுகூடிய வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் ஊர் இலண்டன் மாநகரம் ஆகும். அங்கே பத்திர எழுத்தர்கள் அமைத்த கழகம் 14ஆம் நூற்றாண்டில் தோன்றி இன்றளவும் நிலைத்துள்ளது. ஸ்கிரிவனர் என்பது அவர்தம் ஆங்கிலப் பெயர்.

14ஆம் நூற்றாண்டின் இலண்டனில் எழுதுவோர் இரு பிரிவினராக இருந்தனர். ஒரு பிரிவினர் நூல்களைப் படியெடுத்தவர். அவர் கையாண்டது நூலெழுத்து. மற்றொரு பிரிவினர் பத்திரங்களையும் கடிதங்களையும் எழுதியவர். அவர் கையாண்டது மன்றங்களில் வழங்கிய விரைவெழுத்து. இப்பிரிவு வெறும் எழுத்து வடிவைப் பற்றியது அன்று. நூலைப் படியெடுப்பவன் முன்னுள்ளதைப் பார்த்து எழுதினால் போதும். பத்திரம் எழுதுபவனோ சட்டமும் நகர வழக்கமும் அறிந்திருக்க வேண்டும். இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பழக்கம் உடையவனாக இருத்தல் வேண்டும். வாடிக்கையாளர் வாயால் குழப்பமாகக் கூறுவதைக் கேட்டு, வழக்கு நேர்ந்தாலும் கவிழாத வாசகமாக அதனை மாற்றித் தருவதே அவன் கலை. நூலெழுத்தர்கள் 1403ஆம் ஆண்டில் ஓவியம் தீட்டுவோருடனும் நூல் கட்டுவோருடனும் சேர்ந்து தனிக் கழகம் கண்டனர். அதே நூற்றாண்டில், 1476ஆம் ஆண்டளவில், காக்ஸ்டன் அச்சுப் பொறியை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். நூலெழுத்தரின் தொழில் மெல்லத் தேய்ந்தது. பத்திர எழுத்தருக்கு அச்சினால் அத்தகைய கேடு விளையவில்லை. ஒருவர் வீட்டை மற்றொருவர் வாங்கும் பத்திரம் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. அதனை ஆயிரம் படி அச்சிட வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை.

1373ஆம் ஆண்டில் பத்திர எழுத்தர்கள் நகர மேயரிடமும் நகர மன்ற மூத்தோரிடமும் ஒரு விண்ணப்பம் கொண்டு சென்றனர். வெளியூரிலிருந்து வந்தோரும், திருச்சபைப் பணி செய்வோர் சிலரும், நகரத்தின் வழக்கங்களைச் சிறிதும் அறியாமலேயே தம்மைப் பத்திர எழுத்தர் என்று சொல்லிக் கொண்டு உயிலும் பத்திரமும் எழுதுகின்றனர் என்றும், அதனால் மக்கள் ஏமாற்றம் அடைவதோடு நகரத்து எழுத்தர்க்கும் இழுக்கு நேர்கின்றது என்றும் முறையிட்டனர். மேயர் செவிசாய்த்தார். தகுதி ஆராயப்பட்டு நகர உரிமை பெற்றோரே இத்தொழிலுக்குக் கடை வைக்கலாம் என விதிக்கப்பட்டது. அவ்விதிகளுள் மிகச் சிறியதும் மிக ஆழமானதுமான ஒன்று உண்டு. ஒவ்வோர் எழுத்தனும் தான் எழுதும் பத்திரத்தில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும்; எழுதியவன் இன்னான் என்று ஊரார் அறிதல் வேண்டும் என்பதே அது.

இவ்விண்ணப்பத்தில் தன்னலம் இல்லை என்று கூறுவார் வரலாறு அறியாதவர். போட்டிக்கு வந்த வெளியூராரை விலக்குவதே எழுத்தரின் முதல் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வுரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. பத்திரத்தில் தன் பெயரை எழுதுபவன் பிழைக்குத் தானே பொறுப்பேற்கின்றான். அதுவரை பெயரின்றி மறைந்திருந்த ஒரு தொழிலாளன் முதன்முதலாக ஊர் அறிய வெளிவந்து நின்ற நிகழ்ச்சி அது.

விதி இருந்தும் குற்றம் ஒழியவில்லை. 1392ஆம் ஆண்டில் கழகத்தார் ஓர் உறுதிமொழியை வகுத்தனர். உறுப்பினராகச் சேரும் ஒவ்வொருவரும் அதனை ஏற்றுத் தம் கைப்படக் கழகப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். பொது ஏடு என்னும் பொருள்பட ‘காமன் பேப்பர்’ என வழங்கிய அப்பதிவேடு அழியாமல் இலண்டனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. 1968ஆம் ஆண்டில் அது அச்சு வடிவிலும் வெளிவந்தது.

அவ்வுறுதிமொழியின் செய்தியை ஊன்றி நோக்குதல் தகும். எழுதும் நாளுக்கு நெடுங்காலம் முந்திய தேதியையோ பிந்திய தேதியையோ இட்டுப் பத்திரம் எழுதுவதில்லை. எழுத்தே இல்லாத வெற்றுத் தோலில் முத்திரை இடவிட்டுப் பின்னர் அதில் வாசகம் நிரப்புவதில்லை. சொல்லுக்குச் சொல் ஒப்பு நோக்காமல் படி எடுத்துத் தருவதில்லை. அவசரம் கருதியோ பணத்தாசை கருதியோ, தனக்குத் தெளிவில்லாத பெரும் பத்திரத்தைச் சட்டம் அறிந்தாரைக் கலவாமல் எழுதுவதில்லை. இவையே அதன் சாரம்.

தேதியைப் பற்றி இத்துணைக் கவலை ஏன் என்று இக்காலத்து மாணவர்க்குத் தோன்றலாம். ஒருவன் பலரிடம் கடன்பட்டுவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். கடன்காரர் வழக்குத் தொடுக்கப் போகின்றார் எனக் கேள்விப்பட்டவுடன் அவன் ஓர் எழுத்தனிடம் ஓடுகின்றான். தன் வீட்டை ஈராண்டுக்கு முன்பே மைத்துனனுக்கு எழுதிக் கொடுத்து விட்டதாக ஒரு பத்திரம் வேண்டுமென்று இரு மடங்கு கூலி தருகின்றான். எழுத்தன் பழைய தேதியை இட்டு எழுதித் தந்தால் கடன்காரர் கையில் மிஞ்சுவது வெறுங்காற்றே. இவ்வகை மோசடிக்கு ஆயுதமோ அடியாளோ தேவையில்லை. ஓர் இறகுப் பேனாவும் ஒரு துளி மையும் போதும். ஆகவேதான் உறுதிமொழி பொதுவாக ‘நேர்மையாக நடப்பேன்’ என்று சொல்லி அமையாமல், எந்தெந்தப் பொய்யை எழுதமாட்டேன் என்று பெயர் சொல்லி எண்ணிக் காட்டியது. அறவுரைகளைப் பொதுப்பட எழுதுவோர் இதில் கற்க வேண்டியது உண்டு.

பொது ஏட்டிற்கு மற்றொரு பயனும் இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கையால் எழுதியமையால் அவ்வேடு கையெழுத்து மாதிரிகளின் கருவூலமாகவும் ஆயிற்று. இதன் விளைவு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் காணப்பட்டது. சாசர் என்னும் பெரும்புலவர் தம் படைப்பைப் பிழைபடப் படியெடுத்த ஆதாம் என்ற எழுத்தனைக் கடிந்து ஒரு சிறு பாடல் பாடியுள்ளார். அந்த ஆதாம் யாரென்று நெடுங்காலம் எவரும் அறியார். 2004ஆம் ஆண்டில் லின் மூனி என்னும் ஆராய்ச்சியாளர், பொது ஏட்டில் உறுதிமொழி எழுதிய ஆதாம் பிங்க்ஹர்ஸ்ட் என்பாரின் கையெழுத்தும் சாசரின் புகழ்பெற்ற கையெழுத்துப் படிகளின் எழுத்தும் ஒன்றே எனக் கூறினார். பின்வந்த அறிஞர் சிலர் இதனை மறுத்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பு எவ்வாறாயினும், வாதிடுவோர் இரு தரத்தாரும் கையில் பிடித்துக் கொண்டு வாதிடுவது கழகத்தின் பதிவேட்டையே.

தமிழாசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. தொழில் பழக வந்த இளைஞர் பலர் இலக்கணம் அறியாதவராக இருப்பதைக் கழகத்தார் கண்டனர். இலக்கணம் அறியாத எழுத்தன் எழுதும் இலத்தீன் பத்திரத்தில் வேற்றுமை உருபு ஒன்று பிறழ்ந்தாலும் கொடுப்பவன் வாங்குபவனாகி விடக்கூடும். எனவே, பழகுநரைச் சேர்த்துக் கொள்ளும் எழுத்தர் ஓராண்டுக்குள் அவரைக் கழகக் கண்காணிப்பாளர் முன் நிறுத்த வேண்டும். அவர்கள் அவ்விளைஞரின் இலக்கண அறிவை ஆராய்வர். பால் பாகுபாடு, பெயர்த் திரிபு, வினைத் திரிபு ஆகியவற்றில் குறைபாடு காணப்படின் அவர் இலக்கணப் பள்ளிக்கு அனுப்பப்பட்டுத் தேர்ச்சி பெற்ற பின்னரே தொழிலைத் தொடர வேண்டும் என்று விதி செய்தனர். இலக்கணம் வெறும் தேர்வுப் பாடம் என்று கருதுவோர் உலகெங்கும் உளர். இலண்டன் எழுத்தர்க்கோ அது சோறும் மானமும் ஆகும். பழகுநரின் கையெழுத்து அழகைக் காட்டிலும் அவர் இலக்கணத்தை முதலில் சோதித்தனர் என்பது அவர்தம் தொழிலறிவுக்குச் சான்று.

கழகத்தின் வாழ்வு ஏறுமுகமாகவே இருந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1617ஆம் ஆண்டில் அதற்கு அரச பட்டயம் வழங்கினார். இதற்குள் எழுத்தரின் தொழிலும் உருமாறி விட்டது. யாரிடம் பணம் சும்மா கிடக்கின்றது, யாருக்குப் பணம் அவசரமாக வேண்டும் என்னும் இரண்டையும் ஒருங்கே அறிந்தவர் ஊரில் பத்திர எழுத்தரே. இருவர்க்கும் தனித்தனியே பத்திரம் எழுதி வந்தவர், இருவரையும் ஒன்று சேர்த்துத் தரகு பெறத் தொடங்கினார். இங்கிலாந்தில் வங்கிகள் பெருகுவதற்கு முன் இவர்கள் மேசையே வங்கியாக விளங்கிற்று. 1624ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம், 100 பவுன் கடனுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் எழுத்தர் தரகு பெறலாகாது என வரம்பு கட்டியதிலிருந்து, தரகு எவ்வளவு பெருகியிருந்தது என்பதை உய்த்துணரலாம். ராபர்ட் கிளேட்டன் என்பார் எழுத்தரிடம் பழகுநராகத் தொடங்கி, பிறர் பணத்தை வைத்துப் பேணும் பெருந்தொழிலை நடத்தி, 1679ஆம் ஆண்டில் இலண்டன் மேயராகவும் உயர்ந்தார்.

இலக்கிய உலகும் இச்செல்வத்தினால் பயன் பெற்றது. நாடக ஆசிரியர் தாமஸ் கிட் ஒரு பத்திர எழுத்தரின் மகன். ‘துறக்க நீக்கம்’ பாடிய மில்டனின் தந்தையாரும் இலண்டன் பிரெட் தெருவில் பத்திர எழுத்தராகத் தொழில் நடத்தியவரே. கடனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து அவர் ஈட்டிய பொருளால்தான் மகன் செயின்ட் பால் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். பட்டம் பெற்ற பின்னும் சில ஆண்டுகள் வேலைக்குச் செல்லாமல் இருந்து விரும்பிய நூல்களைக் கற்றார். தம் தந்தைக்கு நன்றி கூறி மில்டன் இலத்தீனில் ஒரு பாடலும் இயற்றியுள்ளார். வட்டித் தரகின் பணம் ஒரு காப்பியத்துக்கு உரமாயிற்று என்பது கேட்போர்க்கு முரணாகத் தோன்றலாம். புலவர் பலரின் வரலாற்றில் இத்தகைய பணத்தைத் தேடினால் கிடைக்காமற் போகாது.

ஏறிய கழகம் இறங்கிய வரலாறும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொற்கொல்லர் நடத்திய வங்கிகள் கடன் தொழிலைக் கவர்ந்து கொண்டன. பொருள் முடை மிகுந்து, நோபிள் தெருவில் இருந்த தன் மண்டபத்தைக் கழகம் 1703ஆம் ஆண்டில் வண்டி செய்வோர் கழகத்துக்கு விற்றது. அடுத்த அடி வழக்கறிஞரிடமிருந்து வந்தது. 1739ஆம் ஆண்டில் வழக்கறிஞர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டிருந்தனர். நகர எல்லைக்குள் சொத்துப் பத்திரம் எழுதும் உரிமை தமக்கே உரியது எனப் பத்திர எழுத்தர் கழகம் வாதிட, வழக்கறிஞர் சங்கம் எதிர்த்து நின்றது. 1749ஆம் ஆண்டில் மூண்ட வழக்கு 1760ஆம் ஆண்டில் எழுத்தர்க்கு எதிராக முடிந்தது.

இத்தோல்விக்கு நீதிமன்றத்தின் மீது மட்டும் பழி சுமத்துதல் பொருந்தாது. தரகில் பொருள் குவிந்த காலத்தில் எழுத்தர்கள் எழுத்தைக் கைநழுவ விட்டனர். சட்டம் நாளுக்கு நாள் சிக்கலாகி வர, அதனை முறையாகக் கற்றவர் வழக்கறிஞரே ஆயினர். 1373ஆம் ஆண்டில் அறியாதாரை விலக்குக என்று கேட்டவர்களின் வழித்தோன்றல்கள், 1749ஆம் ஆண்டில் தம்மினும் அறிந்தாரை விலக்குக என்று கேட்டனர். முன்னதில் ஊருக்கு நன்மை இருந்தது; பின்னதில் அது இல்லை.

கழகம் முற்றிலும் மறைந்து விடவில்லை. வெளிநாட்டு வணிகத்துக்குரிய ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் ‘நோட்டரி’ பணி அதற்குப் புகலிடம் ஆயிற்று. 1801ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாண்டுத் தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கியதோடு, இலண்டன் நகருக்குள் நோட்டரியாகப் பணியாற்றுவோர் பத்திர எழுத்தர் கழகத்தின் உறுப்பினராகவும் இருத்தல் வேண்டும் என்றது. இத்தனியுரிமை 1999ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சி சென்ற இடமெல்லாம் இப்பதவியும் சென்றது. மலேசியாவில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நோட்டரிகள் நியமிக்கப்படுவதும் அம்மரபின் கிளையே. தனியுரிமை போன பின்னும் இலண்டன் கழகம் தன் நோட்டரிகளுக்கு அயல்மொழியிலும் அயல்நாட்டுச் சட்டத்திலும் தேர்வு வைத்தே தகுதி அளித்து வருகின்றது.

20ஆம் நூற்றாண்டில் எழுத்தரின் தேவை வேறு வடிவில் தலைதூக்கியது. அமெரிக்காவில் பெரிய ஆலைகள் தம் தொழிலாளர்க்கென இதழ்களை நடத்தின. அவ்விதழ்களின் ஆசிரியர் பெரும்பாலும் தம் நிறுவனத்தில் அவ்வேலையை அறிந்த ஒரே மனிதர். ஐயம் தோன்றினால் கேட்பதற்கு அருகில் ஆள் இல்லை. 1938ஆம் ஆண்டிலும் 1941ஆம் ஆண்டிலும் இத்தகையோர் இரு சங்கங்களை அமைத்தனர். 1970ஆம் ஆண்டில் அவை இணைந்து வணிகத் தொடர்பாளர் அனைத்துலகச் சங்கம் ஆயிற்று. 1974ஆம் ஆண்டில் கனடா நாட்டுச் சங்கம் ஒன்றும் அதனுடன் கலந்தது. அதே 1970ஆம் ஆண்டில், எந்நிறுவனத்தையும் சாராமல் வீட்டிலிருந்தே பணியாற்றும் பதிப்பாசிரியர்களும் திருத்துநர்களும் நியூயார்க்கில் ஒரு சங்கம் கண்டனர். எவ்வகைப் பணிக்கு எவ்வளவு கூலி வழங்குகின்றது என்று உறுப்பினரிடம் கேட்டறிந்து அட்டவணையாக வெளியிடுவது அச்சங்கத்தார் செய்துவரும் பணிகளுள் ஒன்று. தனித்து நிற்பவன் கூலி பேசும்போது குரல் தாழ்கின்றது. அட்டவணை ஒன்று கையில் இருப்பின் அக்குரல் சற்றே நிமிரும்.

இங்கிலாந்திலும் சுயேச்சையாகத் தொழில் செய்த பதிப்பாசிரியர்களும் மெய்ப்புத் திருத்துவோரும் 1988ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினர். பயிற்சியும் தேர்வும் வைத்து, உறுப்பினரைப் படிப்படியாக உயர்த்தும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். அச்சங்கம் அரச பட்டயம் பெற்று 2020ஆம் ஆண்டில் பட்டயக் கழகமாக மலர்ந்தது. ஜேம்ஸ் மன்னரின் பட்டயத்துக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், எழுதித் திருத்திப் பிழைப்போர்க்கு மீண்டும் அத்தகைய மதிப்புக் கிடைத்தது.

எல்லாச் சங்கங்களுக்கும் அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ராடார், வானூர்தி முதலிய புதிய பொறிகளைச் சாதாரண வீரனும் இயக்குமாறு கையேடு எழுதித் தர வேண்டிய தேவை எழுந்தது. அத்தேவையில் பிறந்தவரே தொழில்நுட்ப எழுத்தர். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் 1953ஆம் ஆண்டில் அவர்கள் தனித்தனியே சங்கம் அமைத்தனர். 1957ஆம் ஆண்டில் இரண்டும் ஒன்றாயின. 1971ஆம் ஆண்டில் தொழில்நுட்பத் தொடர்புச் சங்கம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஆய்விதழும் மாநாடும் ஊதியக் கணக்கெடுப்புமாக அது நெடுங்காலம் சிறந்து விளங்கியது. அதன் கிளைகள் பல நாடுகளில் பரவின. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடன்சுமையைத் தாங்க இயலாமல், அச்சங்கம் தன்னைக் கலைத்துக் கொண்டு நொடிப்பு மனுக் கொடுப்பதாக அறிவித்தது.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சங்கம் அது. 1703ஆம் ஆண்டில் இலண்டன் எழுத்தரிடம் விற்பதற்கு ஒரு மண்டபமேனும் இருந்தது. அதனை விற்றுக் கடன் தீர்த்து, மண்டபமே இல்லாத கழகமாக, அவர்கள் தம் பதிவேட்டைச் சுமந்து கொண்டு அடுத்த நூற்றாண்டுகளுக்குள் நடந்தனர்.